ஒரு கிணறும் நான்கு கணக்கும்



வலிகாமத்து வீடொன்றில், பெட்டகத்தின் அடியில் வைத்துப் பேணப்படும் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். காணியின் பெயர் இருக்கும். எத்தனை பரப்பு, எத்தனை குழி என்ற அளவு இருக்கும். கிழக்கே இன்னார், மேற்கே ஒழுங்கை, வடக்கே இன்னார் என்று நான்கு எல்லைகளும் இருக்கும். அதன்பின், இன்ன காணியிலுள்ள கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், அதற்குரிய துலா, ஆடுகால், வழி, வாய்க்கால் உரிமைகளும் இதனுள் அடங்கும் என்று நொத்தாரிசு எழுதியிருப்பார். இடம் மாறினால் எட்டில் ஒன்று பதினாறில் ஒன்றாகவும் இருக்கக்கூடும். நிலத்தைப் பங்கிட்ட நம் முன்னோர், கிணற்றையும் இவ்வாறு பின்னக் கணக்கிலே பங்கிட்டு வைத்தனர்.

ஆனால் அந்த உறுதி சொல்லாத செய்தி ஒன்று உண்டு. கிணற்றின் வாய் யாருக்கு உரியது என்று அது தெளிவாகச் சொல்கிறது. கிணற்றின் அடியிலே கல்லிடுக்குகளில் ஊறி வரும் நீர் யாருக்கு உரியது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இன்றைய பேச்சிலே அந்தச் சொல்லப்படாத செய்தியைப் பற்றியே சிந்திக்கப் போகிறோம்.

வானொலியிலே சட்ட அறிஞர் ஒரு நாள் பேசுகிறார். பொருளியல் அறிஞர் மற்றொரு நாள் பேசுகிறார். வணிகத்துறையாளர் ஒரு நாள், சுற்றாடல் ஆய்வாளர் வேறொரு நாள். தனித்தனியே கேட்கும்போது ஒவ்வொருவர் பேச்சும் நிறைவாகவே தோன்றுகிறது. ஆயினும் அந்நால்வரையும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கட்டு ஒன்றிலே ஒருசேர இருத்தி, "ஐயா, இந்தத் தண்ணீரை எங்கள் பிள்ளைகள் குடிக்கலாமா? பேரப்பிள்ளைகளுக்கும் இது இருக்குமா?" என்று ஒரு தாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நால்வரில் எவரும் தனியே அதற்கு விடை சொல்ல இயலாது. ஏன் இயலாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிந்தவர் பேசட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறு என ஒன்று உண்டெனினும், அது மாரியில் ஓடிக் கோடையில் வறண்டுவிடும் வெள்ள வாய்க்காலே. குடாநாட்டுக்கு நீர் தருவது வானம் ஒன்றே. ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்கு வேண்டிய நீர் எங்கே சேமித்து வைக்கப்படுகிறது? நம் காலடியிலேதான்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். மயோசீன் என்று நிலவியலார் கூறும் தொல்பழங் காலத்திலே கடலடியில் படிந்து உண்டான கல் அது. மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனைக் கரைத்துக் கரைத்து, வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கிவிட்டது. நிலாவரையிலே நாம் காணும் ஆழமான நீர்நிலை அவ்வாறு கரைந்து குழிந்த இடமே. கீரிமலையிலே கடலோரத்தில் ஊறும் நன்னீர், நிலத்தடியில் ஓடிவந்து வெளிப்படும் மழைநீரே. ஆகவே, மேலே வேலிகளால் பிரிக்கப்பட்ட ஆயிரம் காணிகள் இருக்கின்றன. கீழே வேலியற்ற நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் தொட்டிகளாக இதனை ஆய்வாளர் வகுப்பர்.

இத்தொட்டிக்கு மற்றொரு விசித்திர இயல்பும் உண்டு. அதற்கு அடியிலே தரை இல்லை, கடல்நீரே இருக்கிறது. பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல, உவர்நீரின்மேல் நன்னீர் மிதக்கிறது. ஒரு கன மீற்றர் நன்னீர் 1,000 கிலோகிராம் எடையுள்ளது. அதே அளவு கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிலோகிராம். இந்த 25 கிலோகிராம் வேறுபாடே நமக்கும் உப்புக்கும் இடையிலுள்ள காவல். ஒல்லாந்தரான கைபன், ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவரும் தத்தம் நாட்டுக் கடலோரங்களை ஆராய்ந்து கண்ட விதி ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உவர்நீரை அமுக்கி வைத்திருக்கும் என்பதே அந்த விதி. இதனை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். இறைப்பினால் ஒரு பகுதியின் நீர்மட்டம் நிலையாக ஓரடி இறங்கினால், கீழேயுள்ள உப்பு காலப்போக்கிலே 40 அடி மேலே ஏற வழி பிறக்கிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஓரடிதான் தெரியும். நாற்பது அடி தெரியாது.

இனிச் சட்டம் அறிந்தவர் பேசட்டும். யாழ்ப்பாணத்து வழக்காறுகளாகிய தேசவழமையை, ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எழுத்தில் தொகுத்தார். 1707ஆம் ஆண்டிலே பன்னிரு முதலியார்கள் அதனைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் பிரித்தானியரும் அதற்குச் சட்ட வலு அளித்தனர். காணியின் பங்கொன்றை விற்க விரும்புபவர், பிறத்தியாருக்கு விற்குமுன் தம் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற முறை அதில் அமைந்திருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதனைத் திருத்தி வரையறுத்தது. ஒரே கிணற்றில் நீர் இறைப்போர் ஒருவரையொருவர் அறிந்தவராக நெடுங்காலம் இருந்தமைக்கு இந்த முன்வாங்கும் உரிமையும் ஒரு காரணமாகும்.

பங்குக் கிணற்றிலே முறை வைத்து இறைத்தனர். எட்டில் ஒரு பங்கு உடையவருக்கு எட்டு நாளைக்கொருமுறை இறைப்பு வரும். விடியற்புறத்தில் துலா மிதிப்பவர் மேலே முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்துச் சரிக்க, பெண்ணோ பிள்ளையோ பாத்திகளில் தண்ணீர் மாறக் காண்பது அக்காலத்துத் தோட்டக் காட்சி. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உறுதியில் எழுதப்பட்ட சட்டம், யாருக்கு எப்போது முறை என்பதையே கூறிற்று. எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று அது எல்லை வகுக்கவில்லை. அந்த எல்லையை வகுத்தது மனிதனின் கால். இரண்டு மூன்று பேர் ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் துலா மிதித்து இறைக்க முடியுமோ, அவ்வளவே எடுக்கலாம். எழுதாத அந்த அரைச் சட்டத்தை உடலின் களைப்பு நிறைவேற்றி வந்தது. ஊற்றுக்கும் ஓய்வு கிடைத்தது.

1950களிலும் அதன் பின்னரும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்கு வந்தது. பின்னர் மின்சாரப் பம்பியும் வந்தது. அது நல்வரவே என்பதில் ஐயமில்லை. முதுகு முறிய உழைத்த குடும்பங்களுக்கு அது விடுதலை தந்தது. ஆனால் அன்று நடந்ததைச் சட்டக் கண்ணால் பாருங்கள். உறுதியில் துலா உரிமையும் ஆடுகால் உரிமையும் அப்படியே இருந்தன. துலா மட்டும் மறைந்துபோயிற்று. அதனோடு, எழுதப்படாமல் நின்ற எல்லையும் மறைந்துபோயிற்று. எந்தச் சட்டமன்றமும் கூடித் தீர்மானிக்கவில்லை; எந்த நீதிமன்றமும் கட்டளை இடவில்லை. ஓர் இயந்திரம் வந்து, பழைய சட்டத்தின் பாதியைச் சத்தமின்றி நீக்கிவிட்டது. நம் நாட்டுக் காணிச் சட்டத்துக்கு அடிப்படையாகவுள்ள உரோம - டச்சு மரபிலோ, நிலத்துக்கு உரியவன் அதன் கீழுள்ள நீரையும் எடுக்கலாம் என்பதே பொதுக் கொள்கை. அடுத்த வளவுக்காரனின் கிணறு வற்றுகிறதே என்று அந்த மரபு எளிதிற் கேட்பதில்லை.

அடுத்துப் பொருளியல் அறிஞர் தம் கணக்கைத் திறக்கிறார். 1970 முதல் 1977 வரை, திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டுத் தோட்டக்காரர் பெற்ற விலை உயர்ந்தது. செம்மண் தோட்டங்களிலே இளைஞர் பலர் இறங்கினர், கல்வீடுகள் எழுந்தன, இறைப்பும் பெருகியது, உரமும் பெருகியது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது, இறக்குமதிப் பொருள் சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. விலை சரிந்தால் இறைப்பும் குறையும் என்று நினைக்கலாம். ஆனால் கடன் வாங்கிப் பயிரிட்டவர், இறங்கிய விலையை ஏறிய விளைச்சலால் ஈடுசெய்யவே முயல்வார். கொழும்பிலே துறைமுக வாயில் மூடப்படுவதும் திறக்கப்படுவதும், உரும்பிராயிலும் கோப்பாயிலும் கிணற்றின் ஆழத்தைத் தொடுகின்றன என்பதைப் பொருளியலார் காட்டித் தருகிறார்.

பொருளியலார் இன்னொன்றும் கூறுவார். தோட்டக்காரரின் கணக்கிலே விதைக்கு விலை உண்டு. உரத்துக்கு விலை உண்டு. கூலிக்கும் எரிபொருளுக்கும் விலை உண்டு. தண்ணீருக்கு மட்டும் விலை இல்லை. இறைக்கும் செலவு எழுதப்படுகிறது. இறைக்கப்பட்ட பொருளின் மதிப்பு எழுதப்படுவதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிகூ 1920ஆம் ஆண்டிலே நலவாழ்வுப் பொருளியலைப் பற்றிய தமது நூலில், ஒருவர் தொழிலால் பிறருக்கு ஏற்படும் இழப்பு அத்தொழிலின் கணக்கில் ஏறாவிட்டால், அத்தொழில் அளவுக்குமீறி நடைபெறும் என்று விளக்கினார். ஆலைப் புகைக்குச் சொன்ன அந்த விதி, ஆழ்கிணற்றுப் பம்பிக்கும் பொருந்தும்.

கணக்கில் ஏறாத அந்த இழப்பு எப்படிப்பட்டது? உப்பு ஒன்று; நைத்திரேற்று மற்றொன்று. 1980களிலிருந்து நடைபெற்ற ஆய்வுகள், வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதைக் காட்டியுள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வழிகாட்டும் அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நைத்திரேற்று, சிறப்பாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது. குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். கொதிக்க வைத்தால் நோய்க்கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். தாய்மார் இதனை நினைவில் இருத்த வேண்டும்.

நைத்திரேற்று எங்கிருந்து வருகிறது? பயிர் உண்ணாமல் விட்ட உரத்திலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும் வருகிறது. இவ்விடத்திலே சட்ட அறிஞர் மீண்டும் குறுக்கிட வேண்டியிருக்கிறது. தலைமுறைதோறும் சீதனமாகவும் முதுசமாகவும் காணி துண்டு துண்டாகப் பிரிந்தது. பத்துப் பரப்பு வளவிலே கிணறு ஒரு மூலையிலும் குழி மறு மூலையிலும் இருந்தன. இரண்டு பரப்பு வளவிலே அவை அருகருகே வந்துவிட்டன. அடுத்த வளவுக்காரரின் குழியோ நம் கிணற்றுக்கு இன்னும் அருகே வந்துவிட்டது. உரிமைச் சட்டம் பிள்ளைகளுக்கு நீதி செய்தது. சுண்ணாம்புக் கல்லை அது கேட்கவில்லை.

இப்போது வணிகரும் தொழில் நடத்துவோரும் வந்து அமர்கின்றனர். அவர்களைப் பற்றிப் பேசும்போது சுண்ணாகத்தைப் பேசாதிருக்க முடியாது. குடாநாட்டுக்கு ஒளி தந்த மின்நிலையம் அமைந்த ஊர் அது. எண்ணெயில் இயங்கும் இயந்திரங்கள் அங்கே நெடுங்காலம் ஓடின. பிற்காலத்தில் தனியார் நிறுவனமொன்றும் மின்னுற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்றது. 2014ஆம் ஆண்டளவில், சுற்றுப்புறக் கிணறுகளிலே எண்ணெய் மிதக்கிறதென்ற முறைப்பாடு பெரிதாக எழுந்தது. மக்கள் கிணற்றடியை விட்டு, தாங்கி வண்டிகளில் வந்த நீருக்காகக் குடங்களோடு தெருவில் காத்துநின்றனர். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் அந்த மின்னுற்பத்தி நிறுத்தப்பட்டது.

அக்காலத்திலே மக்களை மிகவும் வருத்தியது எண்ணெய் மாத்திரமன்று. அறிஞர் கருத்து வேறுபாடுமாகும். ஓர் அறிக்கை எண்ணெய் கலந்துள்ளது என்றது. மற்றோர் அறிக்கை தீங்கான அளவில் இல்லை என்றது. எதனை அளந்தார்கள், எந்தக் கிணற்றில் அளந்தார்கள், எந்த மாதத்தில் அளந்தார்கள், எந்த அளவுகோலோடு ஒப்பிட்டார்கள் என்பவற்றை ஒரே மேடையில் வைத்து மக்களுக்கு விளக்கியிருந்தால் அந்த அச்சத்தில் பாதி தணிந்திருக்கும். விடை தெரியாத அச்சம், தெரிந்த தீங்கிலும் கொடியது.

வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின்மேல், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே தீர்ப்பு வழங்கப்பட்டது. நிலத்தடி நீர் மாசுற்றமைக்கு அந்தத் தனியார் நிறுவனத்தின் செயலும் காரணமாயிற்று என நீதிமன்றம் கண்டது. மேற்பார்வை செய்யவேண்டிய அரச அமைப்புகள் தம் கடமையில் தவறியமையையும் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே செலவைத் தாங்கவேண்டும் என்ற நெறியைக் கையாண்டு, பாதிக்கப்பட்ட குறைந்தது 500 குடியிருப்பாளர்களுக்காக இரண்டு கோடி ரூபாய் செலுத்துமாறு பணித்தது.

இத்தீர்ப்பின் பெருமை அத்தொகையிலன்று. அதன் வழித்தடத்திலே இருக்கிறது. அந்த வழித்தடம் நம் நாட்டு மண்ணிலேயே தொடங்குகிறது. அனுராதபுர மாவட்டத்திலுள்ள எப்பாவலவிலே பொசுபேற்றுப் படிவத்தை அகழ்ந்தெடுக்க அரசாங்கம் வெளிநாட்டு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்ய முனைந்தபோது, அப்பகுதி மக்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டிலே நீதியரசர் அமரசிங்க தீர்ப்பெழுதினார். முறையான ஆய்வும் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடும் இன்றி அத்திட்டம் நடைபெறலாகாது என்பது தீர்ப்பு. நாட்டின் இயற்கை வளத்தை அரசாங்கம் மக்களின் பொருட்டுக் காத்து வைத்திருக்கிறதேயன்றி, மனம்போனபடி கையாளும் சொந்தக்காரராக இல்லை என்ற கருத்து அதில் வலுப்பெற்றது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1997இல், ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திலே இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி, தன்யூப் நதி பற்றிய ஹங்கேரி - ஸ்லோவாக்கியா வழக்கில் தனியாக ஒரு கருத்துரை எழுதினார். நம் நாட்டுப் பழைய குளங்களையும் கால்வாய்களையும் எடுத்துக்காட்டி, வளர்ச்சியையும் இயற்கைக் காப்பையும் இணைப்பது புதிய கொள்கையன்று, பழைய நாகரிகங்களின் நடைமுறையே என்று அதிலே அவர் நிறுவினார். ஹேக்கிலே பேசப்பட்டது எப்பாவலவுக்கு வந்தது. எப்பாவலவிலே ஊன்றப்பட்டது சுண்ணாகத்துக்கு வந்தது.

எனினும் சட்டத்தின் எல்லையையும் சட்ட அறிஞரே ஒப்புக்கொள்வார். இரண்டு கோடி ரூபாயை 500 பேருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு 40,000 ரூபாய். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய அது உதவலாம். கல்லின் வெடிப்புக்குள் புகுந்த எண்ணெயைத் திருப்பி எடுக்க எந்தத் தீர்ப்பாலும் முடியாது. மேலும், சுண்ணாகத்தில் பிரதிவாதி ஒருவரைச் சுட்டிக்காட்ட முடிந்தது. உப்பும் நைத்திரேற்றும் வரும்போது, யார்மீது வழக்குத் தொடுப்பது? அங்கே மாசுபடுத்தியவரும் பாதிக்கப்பட்டவரும் நாமே.

ஆகவே வழக்காலன்றி இணக்கத்தால் தீர்க்கவேண்டிய பகுதி ஒன்று எஞ்சி நிற்கிறது. அதற்கு வழி உண்டா என்று கேட்டால், பொருளியல் அறிஞர் கலிபோர்னியாவுக்கு நம்மை அழைத்துச் செல்வார். லொஸ் ஏஞ்சலீஸ் நகரத்தை அடுத்து மேற்குப் படுகை என்று ஒரு நிலத்தடி நீர்த்தொட்டி இருக்கிறது. அங்கும் கடலோரம், அங்கும் அளவுமீறிய இறைப்பு, அங்கும் கிணறுகளிலே உப்பு புகுந்தது. கடலோரத்தாரின் கிணறு முதலில் கெட்டது. உள்நாட்டிலிருந்தவர் கவலையின்றி இறைத்தனர். 1945இல் வழக்குத் தொடங்கியது. ஆனால் அவர்கள் தீர்ப்புக்காக வாளாவிருக்கவில்லை. யார் எவ்வளவு எடுக்கின்றனர் என்பதை அளந்தனர். பொதுச் சங்கம் அமைத்துப் பேசினர். எல்லோரும் தம் இறைப்பைக் குறைக்க இணங்கினர். அந்த இணக்கத்தையே நீதிமன்றம் கட்டளையாக உறுதிப்படுத்தியது. கடலோரமாக வரிசைக் கிணறுகள் தோண்டி, அவற்றினூடாக நன்னீரை நிலத்துக்குள் செலுத்தி, உப்புக்கு எதிராக நீரினாலேயே அணை கட்டினர்.

இதனை ஆராய்ந்து 1965இல் கலாநிதிப் பட்டம் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அம்மையார், பின்னர் உலகின் பல பாகங்களில் மீன்பிடி நீர்நிலை, காடு, மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய் ஆகியவற்றை மக்கள் எவ்வாறு பொதுவில் காத்தனர் என்று ஆராய்ந்தார். பொதுச்சொத்து பாழாகியே தீரும், அன்றேல் அரசாங்கம் கைப்பற்ற வேண்டும், அதுவுமன்றேல் தனியாருக்கு விற்றுவிட வேண்டும் என்ற எண்ணம் முழு உண்மையன்று என்று அவர் காட்டினார். எல்லை தெளிவாக இருந்து, விதியை அதனாற் பாதிக்கப்படுவோரே வகுத்து, தம்முள்ளே கண்காணித்து, பிணக்குகளை அருகிலேயே மலிவாகத் தீர்த்துக்கொள்ளும் இடங்களில் பொதுச்சொத்து நிலைத்திருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. நேயர்களே, அவர் வகுத்த இலக்கணத்தை நம் பங்குக் கிணற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லை இருந்தது, முறை இருந்தது, அடுத்தவரின் முறையில் இறைப்பவரைக் காணும் கண்கள் இருந்தன, பிணக்கைத் தீர்க்கப் பெரியோர் இருந்தனர். இல்லாதது ஒன்றே: பல கிணறுகளை இணைக்கும் பெரும் பங்குக் கணக்கு. எட்டுப் பேர் ஒரு கிணற்றுக்குச் செய்ததை, ஓர் ஊர் தன் நீர்த்தொட்டிக்குச் செய்யவேண்டியிருக்கிறது.

"கிணறு கெட்டால் வேறு வழி இருக்கிறதே" என்பாரும் உண்டு. 1950களிலே பொறியியலாளர் ஆறுமுகம், ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, அந்நீரை வடமராட்சி நீரேரிக்குத் திருப்பும் திட்டமொன்றை வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அது பேர்பெற்றது. அதன் சில பகுதிகள் கட்டப்பட்டும் முழுத் திட்டம் நிறைவேறவில்லை. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்கது அது. பல குடும்பங்களுக்கு அது பெரும் உதவி. ஆயினும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க, ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய மூன்று முதல் நான்கு அலகு வரை மின்சாரம் செலவாகும். நம் காலடியிலுள்ள சுண்ணாம்புக் கல், மழைநீரை ஏந்தி, உப்பைத் தள்ளிவைத்து, அதே நன்னீரைச் செலவின்றித் தருகிறது. இதுவரை விலை எழுதப்படாத தண்ணீருக்குத் தாளையடி இன்று ஒரு விலையை எழுதிக் காட்டியிருக்கிறது. பொருளியலார் தேடிய எண் அதுவே. கெட்டுப்போகும் ஒவ்வொரு கிணற்றின் இழப்பையும் இனி அந்த எண்ணாற் பெருக்கிப் பார்க்கலாம்.

இனி, கிணற்றுக்கட்டில் இருத்திய நால்வரிடமும் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் யாவை? சுற்றாடல் ஆய்வாளரிடம், "எங்கள் ஊரின் தொட்டிக்கு மாரியில் எவ்வளவு சேர்கிறது? கோடையில் எவ்வளவு எடுக்கலாம்?" என்று எண்ணாகக் கேட்போம். பொருளியலாரிடம், "குறைவாக இறைக்கும் தோட்டக்காரர் நட்டப்படாமல் இருக்கப் பயிரையும் விலையையும் எவ்வாறு அமைக்கலாம்?" என்று கேட்போம். ஏனெனில், தோட்டக்காரரை வறியவராக்கிக் காக்கப்படும் தண்ணீர் நெடுநாள் காக்கப்படாது. தொழில் நடத்துவோரிடம், "உங்கள் கழிவு எங்கே போகிறது? கேடு வந்தால் அதற்கென எவ்வளவு பணம் முற்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று தொழில் தொடங்குமுன்னரே கேட்போம். சட்ட அறிஞரிடம், "துலா போனபின் வெறுமையாய்க் கிடக்கும் அந்த இடத்திலே, ஊர் மக்கள் இணங்கிய அளவை எவ்வாறு சட்டமாக எழுதலாம்?" என்று கேட்போம்.

அவர்கள் விடை கூறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கிணற்றின் உட்சுவரில் அடையாளமிட்டு, மாதந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது நல்ல கணிதப் பயிற்சியுமாகும். ஆண்டுக்கொருமுறை நீரைப் பரிசோதிப்பித்து, உப்பும் நைத்திரேற்றும் எவ்வளவு என்று அறிந்துகொள்ளலாம். பழைய எண்ணெயை நிலத்தில் ஊற்றாதிருக்கலாம். மாரிக்கு முன் ஊர்க்குளத்தையும் கேணியையும் தூர்வாரி, வெள்ளம் கடலுக்கு ஓடுமுன் நிலத்துள் இறங்க வழிவிடலாம். இத்தகைய குறிப்புகள் ஊருக்கு நூறு வீட்டிலாவது இருந்தால், அடுத்த முறை அறிஞர்கள் கருத்து வேறுபடும்போது மக்கள் வெறுங்கையோடு நிற்கமாட்டார்கள்.

தொடக்கத்திலே வாசித்த பழைய உறுதியை மடித்துப் பெட்டகத்தில் வைக்குமுன், அந்த ஒரு வரியை மீண்டும் பாருங்கள். கிணற்றில் எட்டில் ஒரு பங்கு. அதனை எழுதியவர், மற்றைய ஏழு பங்குகளும் பிறருடையவை என்பதையும் அவ்வரியிலேயே எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்குச் சீதனமாகவோ முதுசமாகவோ எழுதிக்கொடுக்கும் கிணற்றிலே குடிக்கத்தக்க நீரும் இருக்க வேண்டுமாயின், நாம் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது அந்த ஏழு பங்கையுமே.